எதிர்வீட்டுச் செருப்புகள்

எதிர்வீட்டு வாசலில் செருப்புகளை எண்ணுவது எனக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டிருந்தது. பன்னிரண்டு ஜோடி. அந்த வீடும் எங்கள் வீடும் ஒரே அளவுதான். இரண்டு அறை, ஒரு குளியலறை. இங்கே நானும் என் கணவரும். அங்கே பன்னிரண்டு ஆண்கள்.

தேக்காச் சந்தைக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் நான்காவது மாடி. எதிர்வீட்டின் சொந்தக்காரர் புறநகர்ப் பக்கம், செங்காங்கில் சௌகரியமாக இருந்துகொண்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளிகளுக்கு அதை வாடகைக்கு விட்டிருந்தார். அவர்களும் தினமும் செங்காங்குக்குத்தான் போனார்கள், புது அடுக்குமாடி கட்ட. ஊருக்கெல்லாம் வீடு கட்டிவிட்டு வந்து ஆளுக்கு ஒரு பாய் அகலத்தில் படுத்தார்கள். இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. அப்போது இருந்ததெல்லாம் எரிச்சல். படியெல்லாம் ஈரத்துணி வாடை, அடிக்கடி அடைத்துக்கொள்ளும் குழாய், நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி. மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம் என்ற திமிரும் எனக்குக் கொஞ்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

போன வருடம் எங்கள் தெருவில் டெங்கி எச்சரிக்கைப் பதாகை கட்டினார்கள். அடுத்த வாரமே என் கணவர் காய்ச்சலில் விழுந்தார். மூன்றாம் நாள் அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். நாற்பது வயதிருக்கும், கம்பி கட்டும் வேலை, அன்று அவருக்கு லீவு.

"தள்ளுங்கக்கா, நான் தூக்கிக்கிறேன்."

முதுகில் சுமந்து நான்கு மாடியும் இறக்கி, டாக்சியில் உட்கார வைத்தார். வந்த அவசரத்தில் செருப்புக்கூடப் போடவில்லை.

நன்றி சொன்னேன். ஆனாலும் ஆஸ்பத்திரியில் கணவருக்கு பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனபோது, என் மனசு நேராக அந்த வீட்டுக்குத்தான் போனது. பன்னிரண்டு பேர் குளிக்க எத்தனை வாளி பிடித்து வைப்பார்கள்? கொசு வேறு எங்கிருந்து வரும்? மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், அந்தச் செருப்பு வரிசையைப் போட்டோ எடுத்து அதிகாரிகளுக்குப் புகார் அனுப்பிவிட்டேன். என் கணவரைச் சுமந்தவரின் செருப்பும் அதில் இருந்தது.

கணவர் பிழைத்து வீடு திரும்பினார். அதே நாள் படியில் எதிர்வீட்டுக்காரர்களில் ஒருவர் என்னை நிறுத்தினார். கம்பி கட்டுகிறவருக்கும் டெங்கியாம்.

"ரெண்டு நாள் மாத்திரை போட்டுக்கிட்டே வேலைக்குப் போனாருக்கா. லீவு கேட்டா சூப்பர்வைசர் கத்துவாரு. இப்ப ஐசியூல இருக்காரு."

அப்போதும், பார்த்தாயா, கொசு அந்த வீட்டில்தான் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது.

அடுத்த நாள் காலை அதிகாரிகள் வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்ததால் சொந்தக்காரரே வந்து கதவைத் திறந்துவிட்டார். நான் என் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். குளியலறையில் வாளிகள் ஒன்றுவிடாமல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சொட்டுத் தண்ணீர் இல்லை.

"சைட் ஆளுங்க ஆன்ட்டி. அங்க தினம் செக் பண்ணுவாங்க, அதே பழக்கம் வீட்லயும்," என்றாள் ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி. பிறகு என் காலடியில் பார்த்தாள். "இது உங்களோடதா?"

என் பித்தளை உருளி. டார்ச் அடித்து, செவ்வந்திப் பூக்களை விரலால் ஒதுக்கினாள். அடியில் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

வெள்ளிக்கிழமை தவறாமல் பூ மாற்றுகிறவள் நான். லட்சுமி வரும் வாசல் என்று தண்ணீர் வற்றவிடாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒருநாள்கூடக் கொட்டிக் கழுவியதில்லை.

"பூவ மட்டும் மாத்துனா பத்தாது ஆன்ட்டி. நெறைய வீட்ல இப்படித்தான் லா," என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வீட்டில் கொசு இல்லை. ஆனால் ஆட்கள் அதிகம், அதற்கு என் போட்டோ சாட்சி. காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இந்த நெருக்கடியான ஊரில் யாரைப் பார்த்து முதலில் மூக்கைப் பொத்திக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியும். கொசுவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. என் வாசலிலிருந்து அவர்கள் வாசலுக்கு நாலு எட்டு.

கிளம்பும்போது, அன்று படியில் என்னை நிறுத்தியவர் கதவைத் தட்டினார். கையில் ஒரு பை, ஒரு ஜோடி செருப்பு.

"பூன் லே பக்கம் டார்மிட்டரிக்குப் போறோம்க்கா. அவரு டிஸ்சார்ஜ் ஆனா நேரா இங்கதான் வருவாரு. இது அவரோட சாமான், உங்க வீட்ல இருக்கட்டும்." கொஞ்சம் தயங்கினார். "எங்களாலதான் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு கீழ பேசிக்கிறாங்க. மனசுல வச்சுக்காதீங்கக்கா. மன்னிச்சிருங்க."

உண்மை வாய்வரை வந்தது. "பரவால்லப்பா," என்றேன். மன்னித்து அனுப்பிவைத்தேன் அவர்களை.

நான்காம் நாள் கம்பெனி ஆள் வந்து பையை வாங்கிக்கொண்டார். உடலோடு ஊருக்கு அனுப்ப வேண்டுமாம். செருப்பு வேண்டாம் என்று விட்டுப் போய்விட்டார்.

உருளியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பக்கத்தில் அந்தச் செருப்பு இருக்கிறது. இன்னும் உடம்பு தேறாத என் கணவர் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "அந்த ஆளு வந்தா என்னைக் கூப்பிடு. ஒரு நன்றி சொல்லணும்."

சரி என்கிறேன்.