யேசுரத்தினம் ரைட்டரின் நல்ல வார்த்தைகள்

யேசுரத்தினம் ரைட்டருக்கு நல்ல வார்த்தைகள் என்றாலே குமட்டும். கெட்ட வார்த்தைகளோடு அவருக்கு விரோதம் ஒன்றும் இல்லை. குழித்துறைச் சந்தையில் மீன்காரிகள் ஒருத்தியை ஒருத்தி வைதால் நின்று கேட்டுவிட்டுத்தான் நகருவார். அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய ஆள் எதிரிலேயே நிற்கிறாள். அது அவருக்குப் பிடித்திருந்தது. மிஷன் பங்களாவில் டைப்ரைட்டர் முன்னால் பதினான்கு வருஷமாக அவர் அடித்ததெல்லாம் நல்ல வார்த்தைகள்தாம்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஊழியர் ஜாபிதா என்று ஒன்று தயாராகும். உபதேசிமார், வாத்தியார்கள், வேதபாடம் சொல்லிக்கொடுக்கிற பெண்கள் எல்லாருடைய பெயரும் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே இங்கிலீஷில் ஒரே ஒரு குணச்சொல். மிஷனை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு ஊழியர்களின் முகம் தெரியும், பெயர் தெரியாது. அல்லது பெயர் தெரியும், முகம் தெரியாது. ஆகவே அந்தந்தச் சபைப் போதகர் தமிழில் ஒரு சொல் எழுதி அனுப்புவார், ரைட்டர் அதை இங்கிலீஷாக்குவார், துரை கையெழுத்துப் போடுவார். கமிட்டி அந்த ஒரு சொல்லைப் பார்த்து ஒருவனை உயர்த்தும், ஒருவனை மாற்றும், ஒருவனை வீட்டுக்கு அனுப்பும். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரைப் பற்றியும் கெட்ட சொல் எழுதக் கூடாது. கிறிஸ்தவ அன்புக்கு அது அடுக்காது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவேண்டியவனைக்கூட ஒரு நல்ல சொல்லால்தான் தள்ளவேண்டும்.

இதனால் பங்களாவில் இங்கிலீஷுக்கு வேறொரு அகராதி உண்டாகியிருந்தது. ‘ஆனெஸ்ட்’ என்றால் நாணயமானவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தார் ரைட்டர். துரை அந்தச் சொல்லைத் தம் குசினிக்காரனுக்கும் தச்சனுக்கும் குதிரைக்கும் வழங்குவதைக் கண்டபிறகுதான் அதன் கனம் புரிந்தது. இதுவரை திருடவில்லை, அதற்குமேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஜாபிதாவில் அது மட்டும் தனியாக நின்றால் ஆள் போனான். ‘சின்சியர்’ என்றால் மனசு நல்லது, வேலை நடக்காது. ‘பிராங்க்’ என்பது துரையிடம் ஒருதடவை எதிர்த்துப் பேசியவனுக்கு. இரண்டாம் தடவை பேச அவன் இருப்பதில்லை. ‘ஃபெய்த்ஃபுல்’ என்றால் வாய் திறக்காதவன், அவனுக்குக் குறைவு வராது. நேர்மையானவர் என்கிற ‘அப்ரைட்’டைப் பெரும்பாலும் செத்துப்போனவர்களுக்கு வைத்திருந்தார்கள். ‘ட்ரூத்ஃபுல்’, அதாவது உண்மை பேசுகிறவர், என்ற சொல்லைப் பதினான்கு வருஷத்தில் ஒருவருக்கும் அவர் அடித்ததில்லை. எந்தப் போதகரும் அதைக் கேட்டு எழுதியதுமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் சீமையிலிருந்து கடிதம் வந்தது. அங்கே காணிக்கை சுருங்கிவிட்டதாம், ஆகையால் இங்கே இரண்டு பேரைக் குறைக்கவேண்டுமாம். அடுத்த நாளே போதகர் ராஜையன் குடையும் தமிழ்ச் சீட்டுமாக வந்து சேர்ந்தார். அருமனைப் பக்கத்து மலையடியில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்திவந்த ராகேலின் பெயர் சீட்டில் இருந்தது. அவளுடைய புருஷன் கொழும்புக்குப் போய் நான்கு வருஷமாகக் கடிதம் கிடையாது. அந்த வேலை போனால் மாமியாருக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் அடுப்பு எரியாது என்பது சபைக்கே தெரியும், ராஜையனுக்கும் தெரியும்.

“நாணயமானவள்ணு ஒரு வார்த்தை போட்டா போதும் ரைட்டரே,” என்றார் ராஜையன். “அதுல பொய் உண்டா?”

பொய் இல்லை. அந்தச் சொல் தனியாக நின்றால் அவள் வேலை போகும் என்பதும் பொய் இல்லை.

ராகேல் செய்த குற்றம் இது. பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் கொடுக்கிற கிராண்ட் பணம் பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் வரும். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்குவது எல்லாச் சபையிலும் வழக்கம். எண்ணெய் தேய்த்து, வெளுத்த துணி உடுத்தி, குறுக்குவழியாகக் கூட்டிவந்து, எந்தப் பெயருக்கு ‘உள்ளேன்’ சொல்லவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொடுத்து உட்காரவைப்பார்கள். முந்தின ஞாயிற்றுக்கிழமை அதற்காக ஜெபமும் நடக்கும். வருகிற பிள்ளைகளின் பாதை செவ்வைப்பட வேண்டும் என்று. அப்படி ராஜையன் அனுப்பிய பதினொரு பிள்ளைகளை ராகேல் நடையிலேயே நிறுத்தி, ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். இன்ஸ்பெக்டர் எண்ணினார்: பத்தொன்பது. கிராண்ட் நின்றது.

ரைட்டர் துணிச்சல்காரர் அல்ல. பங்களாவில் நாற்காலி கிறீச்சிட்டால்கூட எழுந்து நின்றுவிடுகிற ஆள். ஆனால் அந்த ஜாபிதாவில் ராகேலின் பெயருக்கு நேரே வந்ததும் ‘ட்ரூத்ஃபுல்’ என்று அடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். அவருடைய மனைவி செல்லபாய் காய்ச்சல் என்று நினைத்துச் சுக்கு தட்டினாள். என்ன செய்தார் என்று கேட்டபிறகு சுக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டதற்கா இத்தனை ஆட்டம் என்பது அவள் கேள்வி. அடுத்த ஜாபிதாவில் தம் பெயருக்கு நேரே என்ன வருமோ என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

கமிட்டி கூடிய அன்று துரை விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்து ராகேலிடம் நின்றுவிட்டார். அவர் பேசுகிற தமிழ் முழுக்க வேதப்புத்தகத் தமிழ்.

“இந்த வார்த்தைக்கும் ஆனெஸ்ட் என்பதற்கும் என்ன பேதம், ரைட்டரே?”

ரைட்டர் எழுந்து நின்றார். ராஜையன் எதிரே உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நாணயமானவன் பிறத்தியாருடைய பொருளை எடுக்கமாட்டான் ஐயா. உண்மை பேசுகிறவன், எடுத்தது யார் என்று கேட்டால் சொல்லிவிடுவான். ஒருத்தரிடமே இரண்டும் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.”

அந்தப் பெண் என்ன உண்மையைச் சொன்னாள் என்று துரை கேட்டார். ரைட்டர் பத்தொன்பதையும் பதினொன்றையும் சொன்னார். கமிட்டியில் இருந்த ஐந்து பேரும் ஜன்னலுக்கு வெளியே இருந்த பலாமரத்தைப் பார்த்தார்கள்.

ராஜையன் பதறவில்லை. வெகு சாந்தமாகத் தலையை ஆட்டினார்.

“ரைட்டர் சொல்லியது சத்தியம் ஐயா. பத்தொன்பதே பத்தொன்பதுதான். அப்போ, பத்தொன்பது பிள்ளியளுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்னத்துக்கு?”

அரைமணி நேரத்தில் காரியம் முடிந்தது. ராகேலின் வேலை போகவில்லை, அவளுடைய பள்ளிக்கூடம் போயிற்று. இப்படிப்பட்ட ஸ்திரீ ஒரு மூலையில் கிடப்பது சரியல்ல, பெரிய இடத்தில் இருக்கவேண்டும் என்று துரை மனமுருகிச் சொல்லி, ராஜையனின் சபைப் பள்ளிக்கூடத்துக்கே அவளை மாற்றினார். அங்கே ரிஜிஸ்தரில் தொண்ணூற்று நான்கு பெயர். ரைட்டருடைய கையைத் துரை பிடித்துக் குலுக்கவும் செய்தார். தீர்மானத்தை ரைட்டரே அழகாக அடித்தார், ஒரு பிழை இல்லாமல்.

ஜூலையில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தபோது காகிதக்கட்டோடு ரைட்டரையும் அனுப்பினார்கள். ரிஜிஸ்தர் ராகேலிடம் இருந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ‘உள்ளேன்’ வந்தது. பின்வரிசையில் எண்ணெய் வழிந்த தலையோடு உட்கார்ந்திருந்த சில பிள்ளைகள் தங்கள் பெயர் வந்ததும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். ராகேல் நிமிரவில்லை, தொண்ணூற்று நான்கையும் புள்ளடி போட்டு மூடினாள். இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டார். ராஜையன் எல்லாரையும் தம் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்.

நடையில் ரைட்டர் அவளை நிறுத்தினார். கோபமாகக் கேட்கவேண்டும் என்றுதான் வந்தார். குரல் கெஞ்சலாக வந்தது.

“இதுக்கா டீச்சரே நான் அன்னைக்கு அங்க எழும்பி நின்னேன்?”

ராகேல் ரிஜிஸ்தரை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

“கடைசி வரியில இருந்த மூணு பிள்ளியள நீரு பாத்தீரா, ரைட்டரண்ணா? எனக்க பழைய பள்ளிக்கூடத்துப் பிள்ளிய. அதைப் பூட்டினபிறகு நல்லமிளகு பறிக்கப் போவுதுவ. இன்னைக்குக் கருப்பட்டியும் சோறும் உண்டுண்ணு சொல்லி போதகரையா கூட்டிட்டு வரச் சொன்னாரு. அதுவள, பேரு இல்லேண்ணு நான் எழுப்பி விடணுமா? ஒரு நாளு பெஞ்சில இருக்கட்டும்ணு விட்டேன்.”

“மத்ததுக்கு?”

“மூணுக்குப் போட்ட கை, மத்ததுக்கு மட்டும் கூசுமா?” என்றாள். “நீரு எனக்கு நல்லதுதான் செய்தீரு. இனிமே எனக்காக யாருட்டயும் ஒண்ணும் சொல்லாண்டாம்,” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு விளம்பப் போனாள்.

ராஜையன் வீட்டில் இலை போட்டிருந்தது. ரைட்டர் வயிறு சரியில்லை என்று சொல்லி நழுவப் பார்த்தார். ராஜையன் தோளில் கைபோட்டு, இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். நாட்டுக்கோழி, தேங்காய் வறுத்து அரைத்த குழம்பு. முதல் உருண்டையை வெகுநேரம் இலையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது இறங்கிவிட்டது. மூன்றாம் தடவை குழம்பு வந்தபோது அவர் இலையை மறைக்கவில்லை. குழம்பு நன்றாகவே இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.