கூட்டணிக்கு வெளியே ஒரு வீடு

மங்களேஸ்வரி இலகுவில் பயப்படுகிறவள் அல்ல. பத்தொன்பது வயதில், வடதுருவத்துக்குக் கிட்ட இருக்கும் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைக்கு வந்து, வாரக்கணக்கில் சூரியனையே காணாமல் மீன் வெட்டியவள். பிறகு ஒஸ்லோவில் முதியோர் இல்லச் சமையலறை, அதன் புறநகரான லோறென்ஸ்கூக்கில் சொந்த வீடு என்று எல்லாவற்றையும் பிடிவாதத்தாலேயே பெற்றவள். இந்த வாரம் மட்டும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் தக்ஷாயினி கட்டாய இராணுவச் சேவையை முடித்ததோடு நிற்காமல், லித்துவேனியாவில் நிற்கும் நேட்டோ கூட்டணிப் படைக்குத் தானாகவே பெயர் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பயணம். இந்த நேரம் பார்த்தா எல்லையில் யாருடையதோ ட்ரோன் வந்து விழ வேண்டும்! அந்தப் பக்கம் ரஷ்யாவும் பெலாருஸும். இந்தப் பக்கம், ஒருவனைத் தொட்டால் எல்லோரும் எழும்புவோம் என்று சத்தியம் செய்த முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். சண்டையில் விருப்பமில்லாதவனும் வாக்குக் கொடுத்த குற்றத்துக்கு இறங்கத்தான் வேண்டும். ஊரில் வேலிச் சண்டைக்குச் சொந்தக்காரர் திரள்வதைப் பார்த்தவளுக்கு இதை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவளுடைய குடும்பத்தில் இதற்கு ஒரே மருந்துதான். பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவது. ஒரு நாட்டில் பிரச்சினை வந்தாலும் இன்னொரு நாடு இருக்கட்டும் என்று, ஊரில் போர் நடந்தபோது அவளுடைய அப்பா பிள்ளைகளை வேறு வேறு நாடுகளுக்கு அனுப்பினார்.

சனி மத்தியானம், மகள் பை அடுக்கிக்கொண்டிருந்த அறைக்குள் மங்களேஸ்வரி வந்து கதவைச் சாத்தினாள்.

“ரொறன்ரோவுக்கு டிக்கெட் போட்டிட்டன். விடியப் போ. மாமா எயார்போட்டுக்கு வருவார்.”

“உங்களுக்கென்ன விசரே அம்மா? நான் கையெழுத்து வைச்சனான்.”

“கையெழுத்தாவது மண்ணாவது! உயிர் இருந்தால் மிச்சத்தைப் பிறகு பாப்பம்.”

“கனடாக்கார ஆமி எங்களுக்குப் பக்கத்திலை, லாத்வியாவிலை நிக்கினம். அவைக்கும் இதே சண்டைதான்.”

“அப்ப லண்டன் சித்தியிட்டைப் போ.”

“அவையின்ரை ஆமி எஸ்தோனியாவிலை.”

“ஜெர்மனி?”

“எங்கட படைக்கே அவைதான் தலைமை.”

மங்களேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா அவ்வளவு யோசித்துப் பிரித்து அனுப்பியும், பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூட்டணிக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அப்பாமீது கூட அவளுக்குக் கோபம் வந்தது.

“இதுக்கு வெளியிலை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே?” மகள்தான் கொஞ்சம் இரங்கிக் கேட்டாள்.

ஒருத்தி இருந்தாள். எல்லோரும் வெளிக்கிட்டபோது, வரமாட்டேன் என்று யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்ட மூத்த அக்கா இராசமணி. அவளை நினைத்து மற்றவர்கள் பரிதாபப்படாத நாளில்லை. மங்களேஸ்வரி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

“அழாதை,” என்றாள் இராசமணி. “பிள்ளையை இஞ்சை அனுப்பு. இஞ்சை இப்ப சண்டை இல்லை.”

தக்ஷாயினி குனிந்து போனுக்குக் கிட்ட வந்தாள்.

“பெரியம்மா, நீங்கள் ஏன் அண்டைக்கு வெளிக்கிடேல்லை?”

“எல்லாரும் ஓடினால் வீட்டை ஆர் பாக்கிறது, பிள்ளை?”

“அதுதான் பெரியம்மா, நானும் வீட்டைப் பாக்கத்தான் போறன்.”

“அப்ப கவனமாப் போயிட்டு வா, பிள்ளை,” என்றாள் இராசமணி. தான் எடுத்த போனாலேயே பிள்ளையை அனுப்பியாயிற்று என்று மங்களேஸ்வரிக்கு விளங்கியது.