அமீது பாயும் என் தட்டைச் செருப்புகளும்

மேலூர் செருப்புக்கடை அமீது பாய் போய்விட்டார்.

காலையில் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். "அக்கா, நம்ம பாய் மவுத்தாயிட்டாரு. மத்தியானம் அடக்கமாம்." டீ ஆறிப்போகும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் பதிவைப் படிக்கிற ஃபிரண்ட்ஸில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சின்னக் கடை. எழுபதுகளில் எங்கள் வீட்டில் யாருக்கு எந்த சைஸ் என்பது அவருக்கு மனப்பாடம்.

நான் அப்பாவைப் போல நெட்டை. பத்தாம் வகுப்பில் பையன்கள் எல்லாரையும்விட உயரம். அம்மாவோ அப்பாவின் தோளுக்கும் கீழே... அத்தைமார் அவளைக் கூப்பிடுவதே 'குள்ளச்சி' என்றுதான். கூடச் சேர்ந்து அம்மாவும் சிரிப்பாள். பிறகு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள்.

அதனால் பாய் கடையில் எங்கள் ஆர்டர் எப்போதும் ஒன்றேதான்.

"பாய், எனக்கு இருக்கறதுலயே குதி ஒசந்தது. இவளுக்கு இருக்கறதுலயே தட்டை" என்பாள் அம்மா.

"இதுக்கு மேல தட்டைன்னா பாப்பா வெறுங்காலோடதான் போகணும் தங்கச்சி" என்பார். சொல்லிக்கொண்டே தேடி எடுத்தும் கொடுப்பார்.

ஒரு நாள்கூட என்னைப் பார்த்து "ஆத்தாடி, எம்புட்டு வளத்தி!" என்று அவர் சொன்னதில்லை. மேலூரில் அதைச் சொல்லாத ஆள் வேறு யாரும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

பிறகு எண்பதுகளின் தொடக்கம். எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். 'பொண்ணு ரொம்ப வளத்தி' என்று ஏற்கெனவே வந்த இடங்கள் எல்லாம் தட்டிப்போயிருந்தன. இது மதுரையில் பேங்க் உத்தியோகம். பையன் கொஞ்சம் கட்டை என்று தரகர் முன்னாடியே சொல்லிவிட்டார். இதையும் விட்டால் நான் வீட்டோடு நின்றுவிடுவேன் என்று அம்மாவுக்குப் பயம். எனக்கும்தான்.

அழகர்கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. அம்மா ஒரு பிளான் போட்டாள். அவள் புது ஹீல்ஸில், நான் புதுத் தட்டைச் செருப்பில்... ஒட்டி ஒட்டி நின்றால் நான் உயரமாகவே தெரியமாட்டேனாம். இரண்டு ஜோடியும் பாய் கடையில்தான் வாங்கினோம்.

கோயில் வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள்.

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷி! ஹீல்ஸிலிருந்து இறங்கி என்னை அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அடியே, சேலைக்குள்ள முட்டிய மடக்கி நில்லுடி" என்றாள் காதோரம்... காது எட்டாமல், முழங்கைப் பக்கமாக.

மடக்கிக்கொண்டே நின்றேன், நடந்தேன், கும்பிட்டேன். தொடை நடுங்கியது.

பையனின் அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். "மதினி, தப்பா நெனைக்காதீக... பொண்ணுக்குக் காலு எதுவும் ஊனமா?"

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஊனமா? எம்மகளுக்கா? ஏய், நிமுந்து நில்லுடி!"

நிமிர்ந்தேன். மாப்பிள்ளை என் தோளுக்கு இருந்தார். பாவம், அவரும் குதிகாலைத் தூக்கித்தான் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார்கள். சொல்லவே இல்லை.

 திரும்பி வந்து மேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா நேரே பாய் கடைக்குள் போனாள். எங்களைப் பார்த்ததும் பாய் வழக்கம்போல் அடித்தட்டுப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"தட்டை வேணாம் பாய். அந்தக் குதி ஒசந்தத எடுங்க."

"உனக்குத்தான தங்கச்சி?"

"இவளுக்கு."

 பாய் எடுத்து, தூசி தட்டி, என் காலடியில் வைத்தார். "நடந்து பாரு தாயி."

இரண்டடி வைத்தேன். கடைக்குள் கயிற்றில் தொங்கிய செருப்புக் கொத்து மொத்தமும் என் தலையில் இடித்து, ஒரு ஜோடி தொப்பென்று விழுந்தது. சட்டென்று கூனிக்கொண்டேன்... அத்தனை வருஷப் பழக்கம். அம்மாவின் கண்ணில் தண்ணீர்.

பாய் ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

"நீ குனியாத தாயி. நான் இதத் தூக்கிக் கட்டிக்கிறேன்."

கட்டினார். அப்புறம் அந்தக் கயிற்றை அவர் இறக்கவே இல்லை.

போய் வாருங்கள் பாய்.