மறியல் நாளில் வந்த பரீட்சை

ராஜபாளையம் தொலைபேசி நிலையத்தில் நான் டிரங்க் ஆபரேட்டராக இருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்தில் அதே வேலையில் ஒரு பெண் இருந்தாள். வெளியூர்க் கால்களை இணைக்கும்போதெல்லாம் அவள் குரல் கேட்கும். முகம் பார்த்ததில்லை. கூட்டம் குறைந்த மத்தியான வேளைகளில் ரெண்டு வார்த்தை பேசிக்கொள்வோம். என்னைவிட இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

தொண்ணூறுகளின் நடுவில், கையால் இணைப்புக் கொடுக்கும் எங்கள் போர்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. எங்களை எங்கே போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரி, வேலை பார்ப்பவர்களுக்கென்று சனி, ஞாயிறுகளில் ஒரு முதுகலைப் படிப்பை ஆரம்பித்தது. தொலைத்தொடர்பும் தகவல் மேலாண்மையும். அதை எனக்குச் சொன்னவள் அவள்தான்.

“போர்டு போனா நாமளும் சேர்ந்தே போயிரணுமாக்கா? வாங்க, படிப்போம்.”

பி.எஸ்ஸி. இயற்பியலோடு என் படிப்பு நின்றிருந்தது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கணவர் நூல் மில்லில் ஃபிட்டர். அவரிடம் தயங்கித்தான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அத்தோடு பேச்சை முடித்துவிட்டார்.

முதல் நாள் வகுப்பில் பின்வரிசையில் பழகிய குரல் ஒன்று பேனா கேட்டது காதில் விழுந்ததும் திரும்பிப் பார்த்தேன். குண்டான, குள்ளமான பெண்ணாக அவளை மனதில் வைத்திருந்தேன். நெடுநெடுவென்று ஒல்லியாக இருந்தாள். அவளும் என்னை வேறு மாதிரிதான் நினைத்திருந்தாளாம். வகுப்பு முடியும்வரை இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம்.

வங்கிக் குமாஸ்தா, மில் கணக்கர், போலீஸ் வயர்லெஸ்காரர் என்று எங்களோடு படித்தவர்கள் எல்லோரும் வாரம் முழுக்க உழைத்துக் களைத்தவர்கள். மத்தியான வகுப்பில் பாதிப்பேர் தூங்கி விழுவார்கள். எங்களுக்குத் தூக்கம் வராது. பேச்சு எப்படி எண்களாக மாறிக் கம்பியில் போகிறது, ஒரே நேரத்தில் எல்லோரும் போனை எடுத்தால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்கையில், இத்தனை வருடம் கையால் செய்த வேலைக்குள் இருந்த கணக்கை யாரோ திறந்து காட்டுவது போலிருந்தது. பஸ் ஸ்டாண்டில் வடை தின்றபடி அதையே பேசுவோம். என் பஸ் கிளம்புவதைப் பார்க்காமல் விட்டதும் உண்டு.

கடைசிப் பருவத்தின் கடைசிப் பரீட்சை அன்று பஸ் ஓடவில்லை. முந்தின நாள் எங்கோ ஒரு கிராமத்தில் நடந்த தகராறில் சாலையை மறித்துவிட்டார்கள். கணவர் மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஊர் எல்லையிலேயே போலீஸ் நிறுத்தியது. என் ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். அந்தப் போலீஸ்காரருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். கல் எறிகிறார்கள், பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம் என்று தன்மையாகத்தான் சொன்னார். திரும்பினோம்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. நேராக நிலையத்துக்குப் போய்க் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். லைன் உடனே கிடைத்தது. அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். நடந்ததைச் சொன்னேன். முதல்வரிடம் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தாள். ஒருவருக்காகப் பரீட்சையைத் தள்ளிவைக்க முடியாது, அடுத்த அணியோடு எழுதலாம் என்றாராம்.

“அப்பம் நானும் எழுதல. அடுத்த வருசம் ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதுவோம்க்கா.”

“கிறுக்கச்சி மாதிரிப் பேசாத. உள்ள போயி எழுது.”

“ஒத்தையில போக மனசு வரலக்கா.”

“எழுதிட்டு வந்து கேள்விய எனக்கு வாசிச்சுக் காட்டு. போ.”

இணைப்புக்குக் காத்திருப்பவர்களைக் காட்டும் விளக்கெல்லாம் போர்டில் எரிந்துகொண்டிருந்தன. கிராமங்களிலிருந்து வரவேண்டிய ஆபரேட்டர்கள் வரவில்லை. ஊரே போனில்தான் இருந்தது. பிள்ளைகள் வந்து சேர்ந்தார்களா, லாரி எங்கே நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். லீவு போட்டிருந்த நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பரீட்சை எழுதிய நேரம் முழுக்க மற்றவர்களுடைய கால்களை இணைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவள் வினாத்தாளை வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. கஷ்டமாக இருக்கிறதே என்றேன். ஆமாம் என்றாள்.

அடுத்த அணி அமையவே இல்லை. ஆள் சேரவில்லை என்று கல்லூரி அந்தப் படிப்பையே நிறுத்திவிட்டது. மதுரைக்குப் போய்ப் புதிதாகச் சேர்ந்தால் படிக்கலாம் என்றார்கள். அதற்குள் இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தது. போர்டைப் பிரித்து எடுத்ததும் என்னைப் பில் கட்டும் கவுண்டருக்கு மாற்றினார்கள். அவள் பட்டம் வாங்கி, பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தாள். ஆரம்பத்தில் அடிக்கடிப் பேசுவாள். பிறகு அவள் வேலையைப் பற்றிச் சொல்வது எனக்கு விளங்காமல் போயிற்று. அதைப் புரிந்துகொண்டு, பிள்ளைகளைப் பற்றி மட்டும் விசாரிக்க ஆரம்பித்தாள்.

ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவள் என் வீட்டுக்கு வந்தாள். பேச்சுக்கு நடுவில், தானும் அன்றைக்கு எழுதாமல் இருந்திருந்தால் எங்கள் இருவருக்காகவாவது கல்லூரி இன்னொரு பரீட்சை வைத்திருக்கும் என்றாள். வைத்திருக்க மாட்டார்கள் என்றேன். அவள் எழுதியது எனக்கு எப்போதும் சந்தோஷம்தான். அதில் பொய் இல்லை.

பட்டம் இல்லாதது கூட இப்போது பெரிதாகத் தோன்றுவதில்லை. அந்தச் சனிக்கிழமைகளுக்குப் பிறகு, ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பஸ்ஸைத் தவறவிடும்வரை பேச எனக்கு யாரும் கிடைக்கவில்லை. அதுதான் ஆறவில்லை.