நாய் நின்ற இடத்தில் எஞ்சின்

யுத்தக் காலத்தில் பாலாவிச் சந்தியில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் வாங்கிய புதிது. முகப்பருவோடு வந்த எவரும் என்னிடமிருந்து பருவோடு திரும்பியதில்லை. படத்தில் நல்ல தோல் உள்ள இடத்தை ஒரு தடவை அழுத்திக் காட்டிவிட்டு, பருவின் மேல் மவுஸைத் தேய்த்தால் போதும், நல்ல தோல் வந்து மூடிக்கொள்ளும். மாப்பிள்ளைமார் என்னை டொக்டரைப்போல் மதித்தார்கள்.

கண்டக்குழியில் மீன்பிடிக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவோம், கடலுக்குப் போகும் பாஸைப் புதுப்பிக்கத் தன் போட்டின் படம் கேட்டார். பாஸ் இல்லையென்றால் போட் கரையில்தான். எஞ்சின் தெரியவேண்டும் என்று கடற்படை சொல்லியிருந்ததால் பின்பக்கமிருந்து எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் பின்பலகையில் ஏறி, எஞ்சினுக்கு வலப்பக்கம் போஸ் கொடுத்தது. நாய்தானே, தேய்த்துவிடலாம் என்றேன்.

தேய்த்தேன். மறுநாள் காலை நானா படத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். பிறகுதான் திரையை ஆறுதலாகப் பார்த்தேன். நாய் இல்லை. நாய் நின்ற இடத்தில் இன்னொரு எஞ்சின்! இடப்பக்கத்து வெறும் பலகையைத்தான் நகலெடுக்கச் சொல்லியிருந்தேன். என் கை வலப்பக்கம் நகர நகர, நகலெடுக்கும் இடமும் கூடவே நகர்ந்து எஞ்சின்மேல் ஏறிவிட்டது.

இரட்டை எஞ்சின் என்றாலே போராளி இயக்கத்தின் வேகப் படகோ என்று சந்தேகப்படும் காலம் அது. மோட்டார் சைக்கிளை முறுக்கினேன். வழியில் மாம்புரி வருவதற்குள் நானாவைச் சிறையில் அடைத்து, எனக்கும் பக்கத்து அறை ஒதுக்கி, என் மனைவி சோற்றுப் பார்சலோடு வரிசையில் நிற்பதுவரை முடித்துவிட்டேன். கறி கத்தரிக்காய். எனக்குப் பிடிக்காத கறி என்பதால் கண்ணீரே வந்துவிட்டது.

கரையிலிருந்த காவலரணில் நானா நிற்க, படம் ஏற்கெனவே கடற்படைக்காரரின் கையில். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் ஒரு விரலை உயர்த்தினேன். தெரிந்த சிங்களமெல்லாம் வழியில் கொட்டிவிட்டது. நாய் என்பதற்குச் சொல் வரவில்லை, குரைத்துக் காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு எதிரே மணலில் இழுத்துவிட்டிருந்த அதே போட்டைப் பார்த்தார். அதில் ஒரே ஒரு எஞ்சின்.

"மாத்தயா, குரைக்க வேணாம்," என்றார் அரைத் தமிழில். "போட் இங்கதானே இருக்கு."

பாஸில் முத்திரை விழுந்தது. படத்தை நானாவிடமே திருப்பிக் கொடுத்து, சரியான படத்தை அடுத்த நாள் கொண்டுவரச் சொன்னார்.

வெளியே வந்ததும் நானா பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்த ரெண்டாவது எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் நீங்களா அடிக்கிற?"

"மன்னிச்சுக்கோங்க நானா. அந்தப் படத்தத் தாங்க, கிழிச்சிப்போடுறன்."

"கிழிக்கிறதா? நல்ல கதை!" படத்தைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். "நீர்கொழும்புல என்ட மச்சான் ஒருத்தன், புது போட்டு வாங்கினதிலேந்து ஒரே பீத்தல். இத அவனுக்கு அனுப்பணும். நேவிக்கு ஒத்த எஞ்சினோட ஒண்டு அடிங்க. மச்சானுக்குப் பெரிசா, கலர்ல."

சரி என்றேன். அவர் விடவில்லை.

"இடப்பக்கமும் பலகை சும்மாதானே தம்பி கிடக்கு?"