ஒற்றை விரலுக்கு இறங்கி நின்றோம்

போன வருடம் ஜூன் மாதம், அயர்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவில் நடந்தது இது. அந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாகச் சேர்ந்து நாலே மாதம் ஆகியிருந்த என் தங்கை, 'ஒரு தபா வந்துட்டுப் போக்கா' என்று டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் மிதித்துத் தையல் கம்பெனிக்குப் போகிறவள் நான். படகுத்துறையில் வாடகைச் சைக்கிள் கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. லாரியே இல்லாத ரோடு! இரண்டு பக்கமும் கல்லடுக்கிய சுவர், அதற்கப்பால் பச்சை, அதற்கும் அப்பால் கடல். இறக்கத்தில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, 'ஓ'வென்று கத்திக்கொண்டே போனேன். எனக்கு வயது நாற்பத்தாறு.

திரும்பும் கடைசிப் படகு ஐந்து மணிக்கு. தங்கைக்கு அன்று நைட் டூட்டி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "படகை வுட்டோம்னா என் வேலைக்கு வேட்டுதான்க்கா" என்று நாலு தடவை சொல்லிவிட்டாள்.

எதிரே முதல் வேன் வந்தது. ஓட்டியவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினார். நான் சட்டென்று பிரேக் பிடித்து, இறங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எங்கள் ரோட்டில் டிரெய்லர்காரர் விரலைத் தூக்கினால், 'நில்லு, பின்னால் இன்னொண்ணு வருது' என்று அர்த்தம். தங்கையும் அதே ரோட்டில் வளர்ந்தவள்தானே, மறுபேச்சு இல்லாமல் இறங்கி நின்றாள். காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை.

அடுத்து ஒரு கார். விரல். இறங்கினோம். அப்புறம் ஒரு டிராக்டர். அதற்கும் இறங்கினோம்.

"இன்னாக்கா, பின்னாடி ஒண்ணியும் காணோமே?"

"வரும்டி. பெரிய வண்டியா இருக்கும், மெதுவா வந்துகினு கீது."

மலை முகட்டில் குப்புறப் படுத்து, கீழே செங்குத்தான பாறையில் அலை மோதுவதைப் பார்த்தோம். டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைக் காற்று பாதி தின்றது. நேரம் போனதே தெரியவில்லை. திரும்பும் வழியிலும் விரலுக்கு விரல் இறங்கி ஏறியதில் மணி நாலே முக்கால் ஆகிவிட்டது. அப்போது பார்த்துத் தங்கையின் சைக்கிள் செயின் அறுந்தது. படகுத்துறைக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர். அவள் முகம் வெளுத்துவிட்டது.

பின்னால் ஒரு வேன் வரும் சத்தம். நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஷேர் ஆட்டோவை மடக்குகிற மாதிரி ரோட்டின் நடுவே இரண்டு கையையும் விரித்து நின்றேன். வேன் நின்றது. உள்ளே ஒரே ஆட்டு வாடை. ஓட்டிவந்தவர் தங்கை சொன்னதைப் பாதி கேட்பதற்குள் இறங்கி, இரண்டு சைக்கிளையும் தூக்கி உள்ளே போட்டார். பறந்தார்.

வழியில் எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் அவரும் விரலைத் தூக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. "பின்னாடி இன்னாதான் வருதுன்னு கேளுடி" என்று தங்கையைக் கிள்ளினேன். கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பில் வேனே ஆடியது. ஒன்றும் வரவில்லையாம். தெரிந்தவரோ தெரியாதவரோ, எதிரே வருகிற எல்லோருக்கும் வைக்கிற வணக்கமாம் அது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தனை பேர் வணக்கம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பயந்து சுவரில் ஒட்டியிருக்கிறோம்!

துறையில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஹாரனை விடாமல் அழுத்த, படகு கிளம்பாமல் நின்றது. சைக்கிள்களைத் தானே கடையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி எங்களை ஏற்றிவிட்டார். படகிலிருந்து நான் ஒற்றை விரலைத் தூக்கினேன். அவரும் தூக்கினார். தங்கை டூட்டிக்குச் சரியான நேரத்தில் போய்விட்டாள்.

ஊர் திரும்பிய முதல் திங்கட்கிழமை, எதிரே வந்த டிரெய்லர்காரருக்கு ஆசையாக விரலைத் தூக்கினேன். அவர் பிரேக் அடித்தார். பின்னால் நாலு லாரி வரிசையாக நின்றது.

"இன்னாக்கா, டயர்ல எதுனா மாட்டிக்கிச்சா?"

"ஒண்ணியும் இல்ல நைனா. சும்மா, ஒரு வணக்கம்."

"வணக்கமா? காலங்காத்தால பேஜாரு பண்றியேக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் நகரும்போது அவர் விரலும் மெல்ல எழும்பியது.

இன்றும் அந்த ரோட்டில் யாராவது விரலைத் தூக்கினால் முதலில் இறங்கி ஓரமாகத்தான் நிற்கிறேன், உயிர் முக்கியம்; ஆனால் முன்பின் தெரியாதவர் நீட்டும் விரல் எச்சரிக்கையாக மட்டும்தான் இருக்கும் என்ற எண்ணம் அந்தத் தீவோடு போய்விட்டதால், பதிலுக்கு என் விரலையும் ஒரு முறை தூக்காமல் பெடலில் கால் வைப்பதில்லை.