பியானோவுக்குள் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர்

சந்திரமதியிடம் யாராவது "நீங்க எந்த ஊர்ப் பக்கம்?" என்று கேட்டால், "பத்துபஸ்தி" என்பாள். தீவில் அவள் பிறந்து வளர்ந்த இடம் அது.

கேட்டவர் சிரித்துவிட்டு, "அது இல்லம்மா, மெயின்லாண்ட்ல?" என்று மறுபடி தூண்டில் போடுவார்.

"மெயின்லாண்டை நான் டிவியிலதான் அதிகம் பார்த்திருக்கேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுவாள். நாற்பத்திரண்டு வயதுக்குள், இந்தக் கேள்வி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தடுக்கக் கற்றிருந்தாள்.

ஹேடோ துறைமுகத்தில் அவளுக்குக் கிளார்க் வேலை. மெயின்லாண்ட் கப்பலில் வந்து இறங்கும் சரக்கைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வெங்காயம், சிமெண்ட், மருந்து எல்லாம் பட்டியலில் இருக்கும். ஜாதி மட்டும் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் ஒவ்வொரு கப்பலிலும் வந்து இறங்கும். "நம்ம தீவுல ஜாதியே கிடையாது" என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்களின் பெட்டியில்தான் பெரும்பாலும் அது வரும்.

அவளுடைய அப்பா வெள்ளைச்சாமி, மின்னி பே கடற்கரையில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மன்றத்தில் கக்கூஸ் கழுவினார். இடமாற்றமாகிப் போன அதிகாரி ஒருவர், ஏற்றிக்கொண்டு போக மனமில்லாமல் விட்டுச்சென்ற பியானோ ஒன்று அந்த மன்றத்தின் கூடத்தில் நின்றது. அலமாரி மாதிரி நெட்டையான பியானோ. பள்ளிக்கூடத்துச் சிஸ்டரிடம் இசைக்குறிப்பு படிக்கக் கற்ற மகள், அப்பா வேலை முடிக்கும்வரை அதில் வாசிப்பாள். அப்பா இறந்தார். அதிகாரிகள் மாறினார்கள். வாசிக்கத் தெரிந்தவள் என்று ஊரில் அவள் ஒருத்திதான் என்பதால், அவள் வந்துபோவதை யாரும் தடுக்கவில்லை.

தீவின் ஈரம் பொல்லாதது. செருப்பில் பூஞ்சை பூக்கும், புத்தகம் வீங்கும். அலமாரிக்குள் பல்பு எரியவிட்டுத் துணியைக் காப்பாற்றுவது இங்கே எல்லா வீட்டிலும் நடக்கும் காரியம். சந்திரமதி அதையே பியானோவுக்கும் செய்தாள். கீழ்ப்பலகைக்குப் பின்னால் நாற்பது வாட் பல்பு ஒன்று இரவும் பகலும் எரியும். அணைந்தால் அவளே புதிது மாட்டுவாள். இருபது வருடம் அந்தப் பியானோ உயிரோடு இருந்தது அந்தச் சூட்டில்தான்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஆர்கனுக்கும் வயலினுக்கும் எழுதிய பரோக் இசையை, இந்தக் காலத்துக் கலைஞர்கள் பியானோவுக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஆறைப் பதிவு செய்ய அவள் எடுத்துக்கொண்டது நான்கு வருடப் பயிற்சி. ஆர்கனில் பிறந்த இசை பியானோவுக்குள் வரும்போது அதன் பூர்வீகத்தை யாரும் விசாரிப்பதில்லை. அதனால்தான் அந்த இசை அவளுக்குப் பிடித்துப்போனது.

சென்னையில் ஒரு சின்ன நிறுவனம் வெளியிட ஒப்புக்கொண்டது. ஆறும் ஒரே பியானோவில், ஒரே ஒலியில், அக்டோபர் முடிவதற்குள் வர வேண்டும் என்பது நிபந்தனை. பத்துபஸ்தியில் வீட்டுக் கூரைக்கு மேல் விமானம் போகும். அங்கே எதையும் பதிவு செய்ய முடியாது. மன்றத்தில்தான் முடியும். கல்யாண வீடியோ எடுக்கும் கோகுல் இரண்டு மைக்குகளை வைத்து ஐந்தைப் பதிவு செய்து முடித்தான். ஆறாவதுதான் பெரியது. இடது கை ஒரே எட்டு சுரங்களைத் திரும்பத் திரும்ப இருபது முறை வாசிக்கும். அதன்மேல் வலது கை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கட்டும்.

அதற்கு முந்தின வாரம் உள்ளூர் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து பேட்டி கேட்டார். பதிவு முடியப்போகிற சந்தோஷத்தில், ஆயுளெல்லாம் தடுத்து வந்த கேள்விப் பந்தை அவள் விட்டுவிட்டாள். "இதே மன்றத்துல எங்கப்பா கக்கூஸ் கழுவினார்" என்று பெருமையாகச் சொன்னாள். அதுவே தலைப்பாக வந்தது.

மன்றத்தின் செயலாளர் உதயசூரியன் பன்னிரண்டு வருடத்துக்கு முன் மெயின்லாண்டிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர். அவளை எப்போதும் "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். பத்திரிகை வந்த அன்று கண்டும் காணாதவர்போல் போனார். அடுத்த வாரம் ஆயுதபூஜை. மூன்று நாள் மன்றத்துக்கு விடுமுறை.

நான்காம் நாள் காலை கோகுலோடு உள்ளே நுழைந்தவள் கட்டையில் கை வைத்தாள். கீழ்ப்பக்கம் இரண்டு கட்டைகள் அழுந்தின, சுரம் எழவே இல்லை. மேல்மூடியைத் திறந்தாள். கம்பிகளில் துரு. கம்பியைத் தட்டும் சுத்திகளின் கம்பளி மஞ்சளாக ஊறி வீங்கியிருந்தது. கீழே பல்பு வெடித்துத் துகள் துகளாகக் கிடந்தது.

காவலாளி நாகராஜ் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா என்பதை இந்தியில் "தீதி" என்றுதான் கூப்பிடுவான். "தீதி, வேணாம்னு நான் மனா பண்ணேன். கேக்கல. வருஷா வருஷம் மூடி மேல சந்தனம் வச்சிட்டுப் போவாங்க. இந்த வாட்டி ஐயரு மூடியைத் தொறந்து, மந்திரம் சொல்லி, ஒரு சொம்பு மஞ்சத் தண்ணியை முழுக்க உள்ள ஊத்திட்டாரு. டப்புனு பல்பு வெடிச்சுது."

"யாரு ஊத்தச் சொன்னது?"

"செக்ரட்டரி சாப்தான்."

உதயசூரியன் அறையில் கணினிக்குச் சந்தனம், குங்குமம், பூச்சரம் எல்லாம் இருந்தன.

"இங்க பாரும்மா" என்றார். "மேடம்" காணாமல் போயிருந்தது. "ஆயுதபூஜைன்னா தீர்த்தம் தெளிக்கத்தான் செய்வாங்க. கொஞ்சம் கூடிப்போச்சு. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"இந்தக் கம்ப்யூட்டருக்கும் பூஜை போட்டீங்களே. அதைத் தொறந்து ஒரு சொம்பு ஊத்தினீங்களா?"

"என்ன பேச்சு இது?"

"உங்க கார் இன்ஜினுக்குள்ள? அந்த ஏசிக்குள்ள?"

அவர் மேசையைப் பார்த்தார். "நம்ம தீவுல ஜாதியெல்லாம் யாரு பாக்குறா?"

"நான் ஜாதின்னு சொல்லவே இல்லையே சார்" என்றாள் சந்திரமதி. வாசலில் நின்ற கோகுல் சிரித்துவிட்டான். அவர் முகம் கறுத்தது.

சென்னையில் பியானோ பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டாள். கம்பியும் கம்பளியும் மாற்ற வேண்டும், கப்பலில் வந்து சேர ஒரு மாதம் ஆகும் என்றார். அவளுக்கு மிச்சமிருந்தது எட்டு நாள்.

"அக்கா, விட்டுடலாமா?" என்றான் கோகுல்.

"மைக்கை வை."

"சத்தம் தகர டப்பா மாதிரி வரும்க்கா."

"வரட்டும்."

அவள் ஆறாவதை வாசித்தாள். எட்டு சுரங்களில் இரண்டு செத்துப் போயிருந்தன. இருபது முறையும் அதே இரண்டு இடங்களில் மரத்தில் மரம் மோதும் வெறும் சத்தம் விழுந்தது. அந்த ஓட்டைகளைத் தாண்டித் தாண்டி வலது கை தன் வேலையைச் செய்தது. முடித்ததும் கோகுல் மைக்குகளை அணைத்தான். பிறகு, "இதை எதுவும் சரி பண்ணாம அனுப்புறேன்க்கா" என்றான்.

சென்னையிலிருந்து மரியாதையான பதில் வந்தது. வாசிப்பு அருமை, ஆறாவது மற்ற ஐந்தோடு சேரவில்லை, வருங்காலத்தில் பார்க்கலாம். வருங்காலம் என்பது மறுப்பவர்கள் எப்போதும் தாராளமாகக் கொடுக்கும் பொருள்.

மன்றத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தாள். குழு கூடியது. தேநீர் குடித்தது. அறிவிப்புப் பலகையில் தீர்மானம் ஒட்டப்பட்டது: "தீவின் ஈரப்பதத்தால் பியானோ பழுதடைந்துள்ளது. இனி காட்சிக்கு மட்டுமே."

அன்று மாலை அவள் பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றினாள். வெடித்த பல்புக்குப் பதிலாக அவளே மாட்டியிருந்த புதுப் பல்பு அங்கே எரிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றினாள். ஹோல்டரையும் வயரையும் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

நாகராஜ் ஓடி வந்தான். "தீதி, பல்பு இல்லேன்னா இது மொத்தமா செத்துருமே!"

"ஈரப்பதத்தாலதான் போச்சுன்னு கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்காங்க நாகராஜ்" என்றாள் சந்திரமதி. "பெரிய மனுசங்க எழுதினது பொய்யாகிடக் கூடாதில்ல."